சேலத்திலும் ஏற்காட்டிலும் வீட்டுக்கு ஒரு டெஸ்க்டாப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு டெஸ்க்டாப் போடலாம் என்று முடிவானதும் எல்லோரும் முதலில் விசாரிப்பது ப்ராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும்தான். அவை முக்கியம்தான். ஆனால் நம் ஊரில் ஒரு கம்ப்யூட்டர் எத்தனை வருஷம் உழைக்கும் என்பது கரண்ட், எர்த், வெயில், தூசி இந்த நான்கின் கையில் இருக்கிறது. ஏற்காடு என்றால் ஈரமும் இடியும் சேர்ந்துகொள்ளும். அதனால் பணத்தை முதலில் கரண்ட் வரும் வழியிலும், கண்ணும் கையும் முதுகும் படுகிற பொருட்களிலும் போடுங்கள், வேகம் அதற்கு அப்புறம் என்பதுதான் என் கட்சி. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் எழுதியிருக்கிறேன். விலை எதையும் போடவில்லை. 2025 கடைசியில் ராம் விலை ஏறியதிலிருந்து இன்று சொன்ன விலை அடுத்த வாரம் நிற்பதில்லை.

லேப்டாப் இருக்கும்போது டெஸ்க்டாப் எதற்கு?

ஹாஸ்டல், ஆபீஸ் என்று தூக்கிக்கொண்டு அலைய வேண்டியவர்களுக்கு லேப்டாப்தான். ஒரே இடத்தில் உட்கார்ந்து தினமும் நான்கைந்து மணி நேரம் வேலை என்றால் டெஸ்க்டாப்புக்கு ஈடு கிடையாது. கழுத்து குனியாது. ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். கீபோர்டில் குழந்தை தண்ணீர் கொட்டிவிட்டால் போவது அந்தக் கீபோர்டு மட்டும்தான்.

நல்ல லேப்டாப் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் அவசரப்பட வேண்டாம். ஒரு மானிட்டர், கீபோர்டு, மவுஸ் வாங்கி அதில் மாட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

எந்த ப்ராசஸர், எவ்வளவு ராம்?

பிள்ளைகள் படிப்பு, டேலி, ஆன்லைன் வகுப்பு, பேங்க் வேலை இவற்றுக்கு இன்டெல் ஐ3-12100 அல்லது ரைசன் 5 5600ஜி தாராளம். புரோகிராமிங், போட்டோ வேலை என்றால் ஐ5-12400 அல்லது ரைசன் 5 8600ஜி. இவை நான்கிலும் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, தனி கார்டு வேண்டாம். இதில் ஒரு எழுத்தைக் கவனியுங்கள். இன்டெல் பெயரின் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. ரைசன் 5000 வரிசையில் 'ஜி' இருந்தால்தான் உண்டு. வெறும் 5600 வாங்கி வந்து மாட்டினால் தனி கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது.

ப்ராசஸர் மதர்போர்டில் உட்காரும் இடத்துக்குச் சாக்கெட் என்று பெயர். 5600ஜி உட்காரும் ஏஎம்4 சாக்கெட் 2016-ல் வந்தது. நாளைக்கு அதே போர்டில் புதுத் தலைமுறை ப்ராசஸருக்குப் போக வழியில்லை. 8600ஜி உட்காரும் ஏஎம்5 2022-ல் வந்தது, 2027 வரையாவது அதற்குப் புது ப்ராசஸர்கள் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. கையில் கொஞ்சம் பணம் கூட இருந்தால் ஏஎம்5 பக்கம் போவது புத்திசாலித்தனம்.

ராம் 16 ஜிபி. அதை ஒரே குச்சியாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் இந்த ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. இரண்டு குச்சி இருந்தால் அதற்குப் பாதை இரட்டிப்பாகும். விண்டோஸ் போடும் டிஸ்க் எஸ்எஸ்டியாகத்தான் (சுற்றும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) இருக்க வேண்டும். ஹார்ட் டிஸ்க், பழைய போட்டோ வீடியோ சேமிக்க மட்டும்.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

வாங்கலாம், தலைமுறை பார்த்து. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட இன்டெல்லில் 8-ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஐ7 என்று பெரிதாகச் சொல்லி 4-ஆம் தலைமுறையைக் கையில் கொடுப்பார்கள். அதைவிட 8-ஆம் தலைமுறை ஐ3 மேல்.

கேபினட்டோடு வரும் எஸ்எம்பிஎஸ் போதாதா?

போதாது. இதில் நான் சமரசமே செய்துகொள்ள மாட்டேன். எஸ்எம்பிஎஸ் என்பது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை. கேபினட்டோடு சும்மா வருவதில் 450 வாட் என்று ஒட்டியிருப்பார்கள். தூக்கிப் பார்த்தாலே உள்ளே சரக்கு இல்லை என்று கை சொல்லிவிடும். அது போகும்போது தனியாகப் போகாது, மதர்போர்டையும் டிஸ்க்கையும் கூட இழுத்துக்கொண்டு போகும். பெயர் தெரிந்த கம்பெனியின் 80 பிளஸ் பிரான்ஸ் (கரண்டை அதிகம் வீணாக்காததற்கான சான்று) தரத்தில் 450 அல்லது 550 வாட் வாங்குங்கள். ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கும் வசதி) உள்ளதா, 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்குமா என்று லேபிளில் பாருங்கள். அப்படி இருந்தால் தனியாக ஸ்டெபிலைசர் தேவையில்லை.

கேபினட்டைத் தொட்டால் 'சுர்' என்று இழுக்கிறது. கம்ப்யூட்டரில் கோளாறா?

பெரும்பாலும் கம்ப்யூட்டரில் இல்லை, வீட்டு எர்த்தில். எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில் இரைச்சலை வடிகட்ட சின்னச் சின்ன கெபாசிட்டர்கள் இருக்கும். அவை ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் கேபினட்டின் உலோகத்துக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் அந்தச் சின்னக் கசிவு மண்ணுக்குள் போய்விடும். எர்த் இல்லையென்றால் போக்கிடம் இல்லாமல் 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட் அளவுக்குக் கேபினட்டின் மேல் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்று மட்டும் இருக்கும். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று ஸ்க்ரூ தலையைத் தொட்டால் நன்றாகத் தெரியும்.

சுர்ரென்றுதானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். எர்த் இல்லாத வீட்டில் நாளைக்கு வாட்டர் ஹீட்டரிலோ கிரைண்டரிலோ உண்மையான கசிவு வந்தால் அது உயிரை எடுக்கும். கம்ப்யூட்டர் உங்களுக்கு முன்கூட்டியே சொல்கிறது, அவ்வளவுதான்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ப்ளக் பாயின்ட்டிலேயே மல்டிமீட்டர் வைக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 பக்கம் இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஏறக்குறைய அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. மீட்டரில் சரியாக வந்தாலும் டெஸ்ட் லேம்ப் போட்டு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஒயர் எங்கோ விட்டுப்போயிருந்தாலும் மீட்டர் பொய் வோல்ட்டேஜ் காட்டும், பல்பு பொய் சொல்லாது.

சேலத்துத் தரை பாறை. மேக்னசைட் எடுக்கிற ஊர், அடியில் கெட்டிக் கல். எர்த் குழியில் ஈரம் மாசி பங்குனியிலேயே வற்றிவிடும். கரியும் உப்பும் போட்ட பழைய குழியாக இருந்தால் வெயில் காலம் முழுக்க வாரம் ஒருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். வாடகை வீடு என்றால் ஓனரிடம் பேசுங்கள், இது அவர் வீட்டுப் பாதுகாப்பும்தான். எர்த் ஒயரைத் தண்ணீர்க் குழாயிலோ நியூட்ரலிலோ முறுக்கிவிட்டுப் போகும் ஆளை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

ஸ்பைக் பாக்ஸும் எர்த்தை நம்பித்தான் வேலை செய்கிறது. எர்த் இல்லாத வீட்டில் அது பெரும்பாலும் வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

யூபிஎஸ் வாங்குவதா, வீட்டு இன்வெர்ட்டரே போதுமா?

வீட்டில் சைன்வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் முதலில் அதன் பின்பக்கம் பாருங்கள். யூபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். கரண்ட் போனதும் ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் தன்னிடம் உள்ள மிச்சத்தை வைத்துக்கொண்டு சுமார் 16 மில்லிசெகண்ட் தாங்கும். யூபிஎஸ் மோடில் இன்வெர்ட்டர் அதற்குள் கைமாற்றிவிடும், நார்மல் மோடில் தாமதமாகும். கரண்ட் போகும்போது ஃபேன் ஓடுகிறது, கம்ப்யூட்டர் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது என்று சொல்பவர்கள் வீட்டில் அந்த சுவிட்ச் நார்மலில்தான் இருக்கும்.

இன்வெர்ட்டர் இல்லையென்றால் 600 விஏ யூபிஎஸ். அது சுமார் 360 வாட் தாங்கும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரும் ஒரு மானிட்டரும் சேர்ந்து வேலை நேரத்தில் 100 வாட் பக்கம்தான் இழுக்கும், பத்துப் பதினைந்து நிமிஷம் நிற்கும். சேமித்துவிட்டு அணைக்க அது போதும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அன்று காலை 9 மணிக்குப் போகிற கரண்ட் மதியம் தாண்டித்தான் வரும். அன்றைக்கு யூபிஎஸ் எதற்கும் ஆகாது, பேப்பரில் முந்தின நாளே பார்த்து வேலையை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

யூபிஎஸ் பேட்டரிக்கு வெயில் ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பேட்டரிக்காரர்களின் கணக்கு. மேற்குச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். லேசர் பிரின்டரை யூபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது.

சித்திரை வெயிலில் கம்ப்யூட்டர் சூடாகிறது. வாட்டர் கூலிங் போடலாமா?

வேண்டாம். எந்தக் கூலரும் அறையின் காற்றைவிடக் குளிராகாது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் மதியம் 37, 38 டிகிரி நின்றால் அதற்கு மேல்தான் எல்லாமே. காற்று வந்து போக வழி செய்வதுதான் வைத்தியம். முன்பக்கம் இரண்டு 120 மி.மீ ஃபேன் உள்ளே இழுக்க, பின்பக்கம் ஒன்று வெளியே தள்ள. முகப்பு சல்லடையாக உள்ள கேபினட். முகப்பில் கண்ணாடி வைத்து விளக்கு எரிகிற கேபினட் பார்க்க அழகு, நம் ஊருக்கு ஆகாது.

பழைய மாடல் கம்ப்யூட்டர் டேபிளில் சிபியு வைக்க மூன்று பக்கமும் அடைத்த ஒரு கூண்டு இருக்கும். அதற்குள் வைத்தால் தான் விட்ட சூட்டைத் தானே திரும்ப இழுக்கும். அந்தப் பலகையைக் கழற்றி எறியுங்கள், காசு செலவில்லாமல் சூடு குறையும்.

வீட்டில் தறி ஓடுகிறது. தூசிக்கு என்ன செய்வது?

அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை பக்கம் இந்தக் கேள்வி வராத நாளில்லை. பஞ்சு சாதாரணத் தூசி மாதிரி உதிராது, பின்னிக்கொள்ளும். ப்ராசஸர் ஃபேனைக் கழற்றினால் கீழே ஹீட்சிங்கின் (சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகப் பாகம்) மேல் கம்பளித் துண்டு மாதிரி ஒரு சாம்பல் படலம் இருக்கும். விளிம்பைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வரும். அதற்கு அடியில் காற்றே போயிருக்காது.

உள்ளே இழுக்கிற ஃபேன்களுக்கு முன்னால் ஃபில்டர் போடுங்கள், மேல் பக்கத் திறப்புகளை மூடுங்கள். நைலான் கொசுவலைத் துணியை வெட்டி ஒட்டினாலும் பஞ்சு அதிலேயே நின்றுவிடும். வாரம் ஒருமுறை அதைத் துடைத்தால் போதும், உள்ளே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ப்ளோயர் அடிக்கலாம். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் கன்னாபின்னாவென்று சுற்றினால் பேரிங் போகும், அது உண்டாக்கும் மின்சாரம் போர்டுக்கும் நல்லதல்ல.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் அறையில் வைக்காதீர்கள். அந்தப் புகை பிசுபிசுப்பாகப் படியும், அதன் மேல் தூசி ஒட்டினால் ப்ளோயருக்கு வராது.

மானிட்டர் எத்தனை இஞ்ச் வாங்குவது?

இதில் தாராளமாகச் செலவு செய்யுங்கள். ப்ராசஸர் ஐந்து வருஷத்தில் பழசாகும், நல்ல மானிட்டர் அடுத்த கம்ப்யூட்டருக்கும் வரும்.

24 இஞ்ச், 1920-க்கு 1080 என்பது பெரும்பாலான வீடுகளுக்குச் சரியான அளவு. ஒரு இஞ்சுக்கு 92 புள்ளிகள் வரும். அதே 1080-ஐ 27 இஞ்சில் வாங்கினால் 82 புள்ளிகளாகக் குறைந்துவிடும். வீடியோ பார்க்கும்போது அந்தக் குறை தெரியாது, தமிழ் படிக்கும்போது தெரியும். ஆங்கில எழுத்து பாதி நேர்க்கோடு. நம் எழுத்தில் சுழியும் கொம்பும் அதிகம். சின்ன எழுத்தில் 'ணை', 'ஞ்சு' எல்லாம் குழம்பி, மெய்யெழுத்தின் புள்ளி மேல்கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். தமிழில் நிறையப் படிக்கிறவர், எழுதுகிறவர், ப்ரூஃப் பார்க்கிறவர் 27 இஞ்ச் வாங்கினால் 2560-க்கு 1440 வாங்குங்கள். இஞ்சுக்கு 109 புள்ளி. கண் உடனே வித்தியாசம் சொல்லும்.

பேனல், அதாவது திரையின் வகை, ஐபிஎஸ்ஸாக இருக்கட்டும். விஏ பேனலில் கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், படம் பார்க்க ஜோர், ஆனால் பக்கவாட்டில் நின்று பார்த்தால் நிறம் மாறும். இப்போது 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 முறை படம் மாறும்) மானிட்டர்கள் சாதாரண விலைக்கே வருகின்றன. பக்கத்தைத் தள்ளிப் படிக்கும்போது எழுத்து தெளிவாக இருக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். 1 மில்லிசெகண்ட் என்று பெட்டியில் போட்டிருப்பதை மட்டும் வைத்து எதையும் தேர்வு செய்யாதீர்கள்.

ஸ்டாண்டு ஏற்றி இறக்கக்கூடியதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பின்னால் 100-க்கு 100 வெசா துளையாவது இருக்கட்டும், பிறகு மானிட்டரைத் தாங்கும் கை (ஆர்ம்) மாட்டிக்கொள்ளலாம். வாங்கிய அன்றே முழுக் கறுப்பு, முழு வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று திரை முழுக்க வைத்து செத்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். நாளானால் மாற்றிக் கேட்பது கஷ்டம்.

சேலை டிசைன் போடுகிறேன். திரையில் ஒரு நிறம், நூலில் ஒரு நிறமாக வருகிறது. எந்த மானிட்டர் வாங்கினால் சரியாகும்?

ஐபிஎஸ்ஸில் எஸ்ஆர்ஜிபி (திரை நிறங்களுக்கான பொது அளவுகோல்) 99 சதவீதம் என்று போட்டதை வாங்குங்கள், அதன் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோடையே வையுங்கள். அதோடு பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி எந்த மானிட்டராலும் தீராது. திரை ஒளியை வெளியே விடுகிறது, நூல் தன் மேல் விழும் ஒளியைத் திருப்பித் தருகிறது. பட்டின் மினுமினுப்பும் ஜரிகையும் திரையில் வரவே வராது.

எனவே நிறத்தை நூல் கலர் கார்டில்தான் முடிவு செய்ய வேண்டும். மேஜைக்கு மேல் 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட் போட்டு, அந்த வெளிச்சத்தில் கார்டைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். மஞ்சள் பல்பு வேண்டாம், ஜன்னல் வெயிலும் திரையில் விழ வேண்டாம். திரையின் வெளிச்சத்தையும் குறைத்து வையுங்கள். பலர் 100-லேயே விட்டுவிடுவதால்தான் துணி வந்ததும் 'மங்கலாக இருக்கிறதே' என்கிறார்கள்.

இரண்டு மானிட்டர் மாட்ட என்ன வேண்டும்?

போர்டின் பின்னால் பாருங்கள். இன்டெல்லுக்கான மலிவான எச்610 மதர்போர்டுகள் பலவற்றில் ஒரு எச்டிஎம்ஐ, ஒரு பழைய விஜிஏ மட்டும் இருக்கும். எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளேபோர்ட்டும் உள்ள போர்டாகக் கேட்டு வாங்குங்கள். 4கே மானிட்டர் என்றால் எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் வேண்டும். பழைய எச்டிஎம்ஐ 1.4-ல் படம் நொடிக்கு 30 முறைதான் மாறும், மவுஸ் இழுபடும்.

இரண்டும் ஒரே அளவாக இருந்தால் நிம்மதி. முக்கியமானதை முகத்துக்கு நேரே, மற்றதைப் பக்கத்தில் சாய்த்து. இரண்டாவதைச் செங்குத்தாகத் திருப்பி வைத்தால் ஏ4 பக்கம் முழுசாகத் தெரியும், டிடிபி செய்பவர்களுக்கு வரம்.

மேஜை, நாற்காலி?

மேஜை 75 செ.மீ உயரம், ஆழம் குறைந்தது 60 செ.மீ. 27 இஞ்சுக்கு 75 செ.மீ ஆழம் இருந்தால் நல்லது. உள்ளூர் ஆசாரியிடம் 19 மி.மீ ப்ளைவுட்டில் சொல்லிச் செய்தால் ரெடிமேடைவிட உறுதி. கண்ணாடி மேஜையில் மானிட்டர் கை மாட்டாதீர்கள். ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் வரட்டும், முதுகுக்குப் பின்னால் வந்தால் திரையில் கண்ணைக் கூசும். நாற்காலியில் முதுகும் பாதமும் தாங்கி நிற்கிறதா என்று உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும், படத்தைப் பார்த்து இல்லை.

தமிழில் டைப் செய்ய தனி கீபோர்டு வேண்டுமா?

வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, கீபோர்டாக தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸ்பாரும் சேர்த்துத் தட்டினால் மாறும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி அரசு ஏற்ற அமைப்பு இது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். 'க' இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே வந்து 'க்க' ஆகிவிடும். பிள்ளைகளுக்கு முதலிலேயே இதைப் பழக்குங்கள். டைப்ரைட்டிங் ஹையர் முடித்த பெரியவர்களுக்குப் பழைய அமைப்பே வேண்டுமென்றால் இ-கலப்பை என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது.

ஏற்காட்டில் வீடு. இடி மழைக்கு என்ன ஏற்பாடு?

வானம் இருட்டினால் ப்ளக்கைக் கையால் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, மின்னல் மேகத்திலிருந்து மண்ணுக்குத் தாண்டி வருவது, சுவிட்சின் சின்ன இடைவெளி அதற்கு ஒரு பொருட்டில்லை. ஸ்பைக் பாக்ஸும் நேரடி இடிக்குத் தாங்காது.

எல்லோரும் மறப்பது லேன் ஒயரை. 'நம்முடையது ஃபைபர்தானே, கண்ணாடி இழையில் கரண்ட் வராதே' என்பார்கள். உண்மை. ஆனால் ரவுட்டரின் அடாப்டர் சுவரில் மாட்டியிருக்கிறது. அங்கே வந்த மின்னல் கரண்ட் ரவுட்டர் வழியாகத் தாமிர லேன் ஒயரில் ஏறி மதர்போர்டின் லேன் போர்ட்டில் இறங்கும். ஆகவே ரவுட்டரையும் பிடுங்குங்கள், லேன் ஒயரையும் கழற்றுங்கள். மலையில் எப்போதும் வைஃபையிலேயே வைத்துக்கொள்வது இன்னும் நல்லது, அந்தப் பாதையே இருக்காது.

மலையில் ஈரத்தால் கெடுமா?

ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் தன் சூட்டிலேயே காய்ந்துகொள்ளும். பூட்டி வைத்த எஸ்டேட் பங்களாவில், லீவு வீட்டில் கிடப்பதுதான் கெடும். நான்கு நாளைக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடவிட ஆள் இருந்தால் சொல்லி வையுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நிற்கும், பருத்தித் துணி போதும்.

1,500 மீட்டர் உயரத்தில் காற்று ஏறக்குறைய 15 சதவீதம் லேசு என்பதால் ஃபேன் சூட்டை வெளியேற்றும் திறன் கொஞ்சம் குறையும். ஆனால் காற்றே குளுகுளுவென்று இருப்பதால் சேலத்தைவிட அங்கேதான் கம்ப்யூட்டர் சுகமாக ஓடும்.

சேலத்தில் வாங்கி மலைக்கு எப்படிக் கொண்டு போவது?

சேலத்திலேயே வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் கொஞ்சம் குறையலாம், ஆனால் எஸ்எம்பிஎஸ் ஒரு மாதத்தில் படுத்துவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு யார் ரயில் ஏறுவது? ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் எழுதச் சொல்லுங்கள். வாரன்ட்டிக்கு எந்த ஊர் சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும் என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

ஏற்காட்டு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. கேபினட்டை நிற்க வைத்தால் ஒவ்வொரு வளைவிலும் உள்ளே உள்ள கனமான கூலரும் கார்டும் ஸ்லாட்டை இழுக்கும். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி அதன் பெட்டியில் போடுங்கள். கேபினட்டை மதர்போர்டு கீழே படுக்கிற மாதிரி சாய்த்து, ஜமுக்காளத்தை மடித்து அதன் மேல் வையுங்கள். மானிட்டர் மட்டும் அதன் சொந்தப் பெட்டியில், தெர்மகோலோடு, நிமிர்ந்து நிற்க வேண்டும். ரிப்பேருக்குக் கீழே கொண்டுவரும்போது பொருள் குளிர்ந்திருக்கும், சேலத்துக் காற்று பட்டதும் வேர்க்கும். இரண்டு மணி நேரம் கழித்து ஆன் செய்யுங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று. ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. என்ன பார்ப்பது?

டிடிஆர்5 ராம் உள்ள புதுப் போர்டு என்றால் முதலில் சும்மா காத்திருங்கள். முதல் தடவை ராமைப் பழக்கிக்கொள்ள அதற்குச் சில நிமிஷம் ஆகும். பயந்து இடையில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அப்படியும் வராவிட்டால் மானிட்டர் ஒயர் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள், தனி கார்டு இருக்கும்போது போர்டின் எச்டிஎம்ஐயில் செருகியிருப்பார்கள். அடுத்து ராமைக் கழற்றி, கிளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்தி மாட்டுங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். ப்ராசஸருக்கென்று மேல் மூலையில் வரும் தனி பவர் ஒயர் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கேபினட் மூடியபின் அது கண்ணில் படாது.